படத்தின் முதல் இரண்டு நிமிடம் யாருக்காக? டைட்டில் கார்டும் இலக்குப் பார்வையாளரும் – உதவி வேண்டும்

பாடசாலை_நிலா (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். கேம்பிரிட்ஜ் ஏஎஸ் லெவலில் மீடியா ஸ்டடீஸ் படிக்கிறேன். செய்முறைக்காக ஒரு புதிய கதைப்படத்தின் தொடக்கத்தை டைட்டிலோடு சேர்த்து எடுத்துக் கொடுக்கணும், அதிகபட்சம் இரண்டு நிமிடம். அதோடு ஏற்கெனவே வந்த படங்களின் தொடக்கங்களை அலசணும், என் படம் எந்தப் பார்வையாளருக்கு என்பதையும் விளக்கணும்.

கதை இதுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பெண் தன் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய காகிதம் ஒன்றை எடுக்கிறாள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த முன்னோரின் கலோனியல் நம்பர், அதாவது ஒவ்வொரு கூலிக்கும் காலனி அரசு கொடுத்த பதிவு எண், அதில் இருக்கிறது. கப்பல் பட்டியலில் போய்த் தேடினால், அதே எண்ணுக்கு நேராக வேறொரு ஆளின் பெயர், வேறு ஊர், உடம்பில் வேறு தழும்பு. பெயர் 'கப்பல் எண்'. மர்மப் படம்.

தொடக்கம் இப்படி வைத்திருக்கிறேன். முதலில் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் எழுத்து: 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து முதல் கூலிக் கப்பல் ட்ரூரோ டர்பனுக்கு வந்தது என்று 12 விநாடி. அப்புறம் பெட்டி திறக்கும் கை, மடித்த சேலைகள், காகிதம், எண். பிறகு படத்தின் பெயர், அதன்பின் நடிகர் பெயர்கள்.

இலக்குப் பார்வையாளர் என்ற இடத்தில் "15 முதல் 35 வயது, இருபாலர், தென்னாப்பிரிக்க இந்தியர், எல்.எஸ்.எம். 7 முதல் 10" என்று எழுதினேன் (எல்.எஸ்.எம். என்பது வீட்டில் இருக்கிற பொருட்களை வைத்து வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கணக்கு). டீச்சர் பக்கத்திலேயே "இதை உன் படத்தின் எந்த ஷாட் சொல்கிறது?" என்று கேட்டு எழுதிவிட்டார். இதற்கு எப்படிப் பதில் தேடுவது?

வடபழனி_எடிட்டர் (ஜோகன்னஸ்பர்க்)

நிலா, உங்க டீச்சர் கேட்டது சரியான கேள்வி. வயசு, பால், வருமானம் எல்லாம் விளம்பரக் கம்பெனிக்காரன் போடுகிற கட்டம். படத்துக்குள்ளே இருந்து பார்வையாளரைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கு. ஒரு தொடக்கம் எதை விளக்குது, எதை விளக்காம விடுதுன்னு பாருங்க. விளக்காம விட்ட இடத்தில்தான் அந்தப் படத்தோட ஆள் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது முன்னாடியே தெரியும்னு படம் நம்புது.

எல்லோருக்கும் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு. 1992-இல் வந்த 'அண்ணாமலை'. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், தேவா இசை. ரஜினிக்கான அந்த டைட்டில் கார்டு முதன்முதலா வந்தது அந்தப் படத்தில்தான். இருட்டான திரையில் புள்ளி புள்ளியா ஒளி சேர்ந்து ஒவ்வொரு எழுத்தா வருது, முதலில் 'சூப்பர் ஸ்டார்', அப்புறம் 'ரஜினி'. கதையைப் பற்றி ஒரு துளி தகவல் அதில் கிடையாது. படம் குடும்பக் கதையா, அடிதடியா, ஏழையா பணக்காரனா எதுவும் சொல்லலை. அந்த ஆள் யாருன்னும் சொல்லலை. எழுத்து ஒவ்வொண்ணா வர வர, அடுத்த எழுத்து என்னன்னு தியேட்டருக்கே தெரியும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விட்ட இடைவெளி பார்வையாளர் கத்துறதுக்காக வெட்டினது. நான் எடிட் மேசையில் உட்கார்ந்தவன், அதனால அந்த இடைவெளியை முதலில் கவனிப்பேன். சத்தமில்லாத ரூமில் தனியா பார்த்தா அது நீளமா தெரியும். நிறைஞ்ச தியேட்டரில் அது பத்தாது.

நீங்க எடுத்துக்கிற ஒவ்வொரு படத்துக்கும் இந்த மாதிரி ஒரு கார்டை மட்டும் பிடிச்சு அலசுங்க. அஞ்சு படத்தை மேலோட்டமா எழுதுறதைவிட மார்க்கு கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த்_மாமா

நிலா கண்ணு, நான் படிச்சவன் இல்லை, பாடசாலையில் கத்துக்கிட்ட தமிழ்தான். ஆனா பயாஸ்கோப் பார்த்தவன். கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஷா ஜெஹான் தியேட்டர், விக்டோரியா ஸ்ட்ரீட்டில் அவலான் தியேட்டர். இந்த ரெண்டு தெருவுக்கும் இப்போ பேர் மாறிடுச்சு, டாக்டர் யூசுஃப் டாடூ, பெர்த்தா ம்கீஸே. எங்க வாயில் பழைய பேர்தான் வரும்.

அப்போ படத்துக்கு முன்னாடி கம்பெனிச் சின்னம் வரும். ஜெமினி படம்னா ரெண்டு பையன்கள் ஊதுகொம்பு ஊதுவாங்க. என் ஆயாவுக்கு எந்த பாஷையிலும் எழுத்து தெரியாது. அந்தப் பையன்களைப் பார்த்தாலே 'நம்ம படம்'னு சொல்லி சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நிமிர்ந்து உட்காருவாங்க. பெயர்கள் ஓடும்போது தம்பி தங்கச்சிகளுக்கு முறுக்கு பிரிச்சுக் கொடுப்பாங்க. எழுத்து முடிஞ்சு முதல் ஆள் வந்து பேசும்போது எல்லோரும் வாயை மூடிடணும்.

எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் சின்னம் இன்னொண்ணு. ஒரு ஆணும் பெண்ணும் கொடி பிடிச்சு நிற்பாங்க. 'நாடோடி மன்னன்' 1958. அது தி.மு.க. கொடின்னு மதராசில் குழந்தைக்கும் தெரிஞ்சிருக்கும். இங்கே எங்க வீட்டில் அது வெறும் கொடி. நாங்களும் கை தட்டினோம், எம்.ஜி.ஆர். வரப்போறார்னு. எடிட்டர் தம்பி சொன்னது இதுதானே? அந்தக் கொடியை விளக்காம விட்டாங்க, ஏன்னா அது எங்களுக்காக வெச்சது இல்லை.

ஊடக_வாத்தியார் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மாமா சொன்னது ஒரு முழு வகுப்புக்கான பாடம். நிலா, இதை உன் எழுத்தில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலோடு சேர்க்கலாம். 1973-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம்: செய்தியை உருவாக்குகிறவர் ஒரு பொருளை வைத்து அனுப்புகிறார், பெறுகிறவர் தன் வாழ்க்கையிலிருந்து அதை அவிழ்க்கிறார். அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி மாற்றலாம், எதிர்த்தே படிக்கலாம். மாமாவின் குடும்பம் அந்தக் கொடியை எதிர்க்கவில்லை, ஏற்கவும் இல்லை. அதை ஒரு நட்சத்திரத்தின் வருகைக்கான அடையாளமாக மாற்றிக்கொண்டது. தி.மு.க. 1949-இல் தொடங்கி 1967-இல் ஆட்சிக்கு வந்தது. அந்த நடுப்பட்ட காலத்தில் சென்னைப் பார்வையாளருக்கு அந்தச் சின்னம் எவ்வளவு கனமான செய்தி என்பதையும் ஒரு வரியில் சொல்.

சின்னங்களுக்கு ஏன் உருவமும் ஒலியும் தேவைப்பட்டன என்பதற்கும் ஒரு காரணம் தருகிறேன். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18.33 சதவீதம்தான். எழுத்தை மட்டும் நம்பித் தொடங்கினால் அரங்கில் பெரும்பாலோருக்கு எதுவும் போய்ச் சேராது. ஊதுகொம்புப் பையன்களைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம்.

மறுகோடிக்கு ஒரு படம் வேண்டுமென்றால் 1995-இல் வந்த 'செவன்' என்ற ஹாலிவுட் கொலை மர்மப் படத்தை எடுத்துக்கொள். டைட்டிலை வடிவமைத்தவர் கைல் கூப்பர். கீறிய எழுத்துகள், நடுங்கி நகரும் பெயர்கள், விரல் நுனித் தோலைப் பிளேடால் சீவும் கை, ஊசி நூலால் தைக்கும் நோட்டுப் புத்தகம். அந்தக் கை கொலைகாரனுடையது. ஆனால் அந்தப் பாத்திரத்தில் நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்க எழுத்தில் கிடையாது. கையைக் காட்டிவிட்டுப் பெயரை மறைத்திருக்கிறார்கள். பெயர் வந்திருந்தால், படம் முழுக்க 'அவர் எங்கே?' என்று பார்வையாளர் தேடிக்கொண்டிருப்பார். நடிகர் பட்டியலைக் கவனித்துப் படிக்கிற, துப்புச் சேர்க்கிற பழக்கமுள்ள ஒருவரை மனதில் வைத்து எடுத்த முடிவு அது. உன் படமும் மர்மப் படம் என்பதால் இது உனக்கு நேராக உதவும்.

இன்னொன்று. எல்.எஸ்.எம். அளவுகோலை விட்டுவிடு. பத்துப் பிரிவாக வைத்திருந்த அந்த முறையின் இடத்துக்கு இப்போது எஸ்.இ.எம். என்ற சமூகப் பொருளாதார அளவுகோல் வந்துவிட்டது. அதைவிட முக்கியம், வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கிற கணக்கு உன் டிரங்குப் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஃபீனிக்ஸ்_அக்கா

எல்லோரும் நல்லா சொல்றீங்க, ஆனா எனக்கு ஒத்துக்க முடியலை. படத்துக்கு யாரைக் கூப்பிடுறதுங்கிற வேலையை போஸ்டரும் டிரெய்லரும் செஞ்சு முடிச்சிடுது. டைட்டில் ஓடும்போது டிக்கெட் வாங்கியாச்சு, உட்கார்ந்தாச்சு. அப்புறம் எதுக்கு இலக்குப் பார்வையாளர்? பாதிப் பேர் பாப்கார்ன் வரிசையில் நிற்கிறாங்க. வீட்டில் பார்த்தா நெட்ஃபிளிக்ஸ் 2017-லேயே 'தொடக்கத்தைத் தாண்டு'ன்னு பட்டன் கொடுத்திட்டான், என் பிள்ளைங்க விரல் அங்கேதான் இருக்கு. இந்தியப் படத்தில் முதலில் தணிக்கைச் சான்றிதழ், அப்புறம் புகையிலை விளம்பரம், அப்புறம் மிருகத்தை வதைக்கலைன்னு ஒரு கார்டு, அப்புறம் நன்றி கார்டு வரிசையா இருபது பேருக்கு. இதில் பார்வையாளருக்குன்னு என்ன இருக்கு? பெயர் போடுறது பெயருக்கு உரியவங்களுக்காக. நிலா இதையும் எழுதணும், இல்லைன்னா ஒரு பக்கம் மட்டும் பார்த்த மாதிரி ஆகிடும்.

வடபழனி_எடிட்டர்

அக்கா சொல்றதில் பாதி எனக்கும் சம்மதம். திரையில் முதலில் வர்ற எழுத்து எல்லாம் இயக்குநர் விருப்பத்தில் வர்றது இல்லை. சான்றிதழ் போடுறது சட்டம். புகையிலை எச்சரிக்கை 2012 அக்டோபர் 2-இல் இருந்து கட்டாயம், தொடக்கத்திலும் இடைவேளைக்கு அப்புறமும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம். பெயர்களும் ஒப்பந்தம்தான், யார் பெயருக்கு முன்னாடி யார் பெயர், தனிக் கார்டா பகிர்ந்த கார்டான்னு சம்பளம் பேசும்போதே பேசுவாங்க. ஹாலிவுட்டில் ஜார்ஜ் லூகாஸ் 1980-இல் 'தி எம்பையர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் இயக்குநர் பெயரைத் தொடக்கத்தில் போடாம படம் முடிஞ்சப்புறம் போட்டார். இயக்குநர் சங்கம் அபராதம் போட்டது. கட்டிட்டு சங்கத்தை விட்டே வெளியே போனார். அதனால நிலா, அலசும்போது கட்டாயத்துக்கு வந்த கார்டையும் விரும்பி வெச்ச கார்டையும் முதலில் பிரிச்சிடுங்க. இதைப் பிரிக்காம 'சான்றிதழின் வெள்ளைப் பின்னணி தூய்மையைக் குறிக்கிறது'ன்னு எழுதுற பசங்களை நான் பார்த்திருக்கேன்.

ஆனா டிக்கெட் வாங்கினதோட வேலை முடியலை அக்கா. போஸ்டர் ஆளைக் கூட்டிட்டு வரும். வந்தவங்க வீட்டு நினைப்பு, பார்க்கிங், போன் எல்லாத்தோடயும் உட்கார்ந்திருப்பாங்க. எந்த மாதிரி கவனத்தோட இந்தப் படத்தைப் பார்க்கணும்னு அவங்களைப் பழக்குறது தொடக்கம்தான். 1955-இல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு சால் பாஸ் டைட்டில் செஞ்சார். அதுவரைக்கும் பெயர் ஓடும்போது திரைச்சீலை மூடியே இருக்கிறது நிறைய தியேட்டரில் வழக்கம், பெயர் முடிஞ்சதும்தான் திறப்பாங்க. இந்தப் படத்தோட ரீல் பெட்டி மேலே 'டைட்டிலுக்கு முன்னாடியே திரையைத் திறக்கவும்'னு ஆபரேட்டருக்குக் குறிப்பு ஒட்டி அனுப்பினாங்கன்னு சொல்வாங்க. கறுப்பில் வெள்ளைக் கோடுகள், கடைசியில் அது முறுக்கின ஒரு கையா மாறும். போதை ஊசிக்கு அடிமையான ஒரு ஆளோட கதை. பாப்கார்ன் வரிசையில் நிற்கிறவனுக்கு அந்தக் கை கிடைக்காது. கை கிடைச்சவன் படம் முழுக்க அந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டிருப்பான்.

பாடசாலை_நிலா

ரொம்ப நன்றி. அக்கா சொன்னதையும் கட்டாயம் எழுதுவேன். எனக்கு இப்போ பெரிய சந்தேகம் பெயர் கார்டில்தான். 'கப்பல் எண்' என்பதைத் தமிழ் எழுத்தில் போடணும்னு ஆசை. கப்பல் பட்டியல் எழுதின பழைய பேரேட்டில் இருக்கிற சாய்ந்த கையெழுத்து மாதிரி, மை ஊறி வர்ற மாதிரி. ஆனா என் வகுப்பில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளிலேயே தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் குறைவு. வசனத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுடலாம். டைட்டில் கார்டுக்கு யாரும் சப்டைட்டில் போடுறது இல்லையே.

ஃபீனிக்ஸ்_அக்கா

இந்த இடம் எனக்கும் புரியுது. இங்கே தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்தா, முதல் வசனம் வரும்போதுதான் கீழே ஆங்கிலம் வரும். அதுக்கு முன்னாடி திரையில் என்ன தமிழ் எழுத்து வந்தாலும் என் வீட்டுக்காரருக்கு அது கோலம்தான். ரஜினி கார்டு இங்கே இவ்வளவு பிடிச்சுப்போனதுக்கு அது ஆங்கில எழுத்தில் இருக்கிறதும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமா படிப்பார். பாரதிராஜா படத்தில் 'என் இனிய தமிழ் மக்களே'ன்னு குரல் வருமே, அதுக்கு என் அத்தை அழுதிருக்காங்க. படிக்கத் தெரியாட்டியும் காதில் விழுதே. மதுரைக்காரங்களைக் கூப்பிட்டார்னு எல்லோரும் சொல்லுவாங்க, என் அத்தை தன்னைக் கூப்பிட்டதா எடுத்துக்கிட்டாங்க.

1860 கார்டு பற்றி ஒண்ணு சொல்லணும். டர்பனில் யாருக்கும்மா 1860 தெரியாது? ஒவ்வொரு நவம்பரிலும் கேட்கிறோம். 1860 பாரம்பரிய மையம்னு ஊரிலேயே கட்டடம் இருக்கு. அந்தக் கார்டு 12 விநாடி நின்னா, இது நமக்கு எடுத்த படம் இல்லை, வெளியாட்களுக்கு நம்மளைப் பற்றிச் சொல்ற டாக்குமென்டரின்னு எங்களுக்குத் தோணிடும்.

உம்லாங்கா_மதுரைக்காரன்

நான் வேலைக்காக இங்கே வந்து குடியேறினவன். அக்கா சொல்றதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்து சொல்றேன். நிலா எழுதின ஷாட் வரிசையைப் படிச்சப்போ, காகிதத்தில் ஒரு எண்ணைக் காட்டினா எனக்கு என்ன புரியும்னு யோசிச்சேன். எனக்கு ஒண்ணும் புரியாது. பத்திர எண்ணா, பேங்க் கணக்கா? கலோனியல் நம்பர்னு ஒண்ணு இருந்ததே இங்கே வந்து கோயில் கமிட்டியில் பழகினப்புறம்தான் எனக்குத் தெரியும். ஊரில் நாங்க ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்னு பேசுவோம், சிட்டி மல்டிபிளெக்ஸுக்கு ஒரு மாதிரி, எங்க ஊர்ப் பக்கத்துத் தியேட்டருக்கு ஒரு மாதிரி. டர்பன் அந்த மூணிலும் அடங்காது.

பாருங்க, பெயர் கார்டைத் தமிழில் போட்டா நான் படிப்பேன், எண்ணைப் பார்த்தா முழிப்பேன். அக்கா வீட்டுக்காரருக்கு எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு பதறும், பெயரைப் படிக்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கோம். இதில் யார் நிலாவோட முதல் பார்வையாளர்னு அவங்க முடிவு பண்ணினா போதும், மத்தது தானா அமையும்.

ஊடக_வாத்தியார்

மதுரைக்காரர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள் நிலா. முதன்மைப் பார்வையாளர், இரண்டாம் நிலைப் பார்வையாளர் என்று பாடத்தில் வருவதை இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. இருவரும் தமிழர், இருவருக்கும் ஒரே வயது இருக்கலாம், ஒரே சம்பளம் கூட. கட்டம் போட்ட அட்டவணையில் ஒரே பெட்டியில் விழுவார்கள். ஆனால் ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க முடியாது.

இந்த நாட்டிலேயே எடுத்த உதாரணமும் உண்டு. 2017-இல் சாட்ஸ்வொர்த்தைக் களமாக வைத்து வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்'. படத்தின் பெயரைப் பார்: உலகம் முழுக்கப் பழகிய ஒரு ஆங்கிலச் சொற்றொடருக்குள் ('கீப்பிங் அப் வித் த ஜோன்ஸஸ்') எங்கள் தெருவில் இருக்கும் ஒரு குடும்பப் பெயர். முன்பாதி எல்லோரையும் உள்ளே விடுகிறது. பின்பாதியைப் பார்த்து நம் வீட்டுக்காரர்கள் 'நம்ம ஆட்கள்' என்று நிமிர்கிறார்கள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாமல் தமிழ்ப் பார்வையாளரைத் தொட்ட பெயர் அது.

சாட்ஸ்வொர்த்_மாமா

இலக்குப் பார்வையாளர்னு பேசும்போது எங்க காலத்து விஷயம் ஒண்ணையும் பிள்ளை தெரிஞ்சுக்கணும். யாருக்குப் படம்னு அப்போ எடுக்கிறவன் மட்டும் முடிவு பண்ணலை, சர்க்காரும் முடிவு பண்ணுச்சு. வெள்ளைக்காரர் தியேட்டருக்குள்ளே நாங்க போக முடியாது. வாசலில் போஸ்டரைப் பார்ப்போம், அவ்வளவுதான். சில படம் கறுப்பின மக்களுக்குக் காட்டக் கூடாதுன்னு தடை இருக்கும், அதே படம் வேற இனத்துக்கு ஓடும். எங்க தியேட்டர் ஆபரேட்டருக்கு எந்த ரீல் யாருக்குன்னு மனப்பாடம்.

ஊடக_வாத்தியார்

மாமா சொல்வது ஏட்டிலும் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு வெளியீடுகள் மற்றும் கேளிக்கைச் சட்டத்தின்படி அமைந்த தணிக்கைக் குழு, ஒரு படத்தைக் குறிப்பிட்ட இனத்தாருக்குக் காட்டக் கூடாது என்று நிபந்தனை போட முடிந்தது. இன்றைய வகைப்படுத்தல் 1996-ஆம் ஆண்டுத் திரைப்படங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி நடப்பது. அதில் வயது மட்டுமே அளவுகோல்: எல்லோருக்கும், பெற்றோர் துணையோடு, 7–9, 10–12, பிறகு 13, 16, 18. கூடவே வன்முறை, மோசமான சொற்கள், பாகுபாடு போன்றவற்றுக்கு எழுத்துக் குறி. நிலா, உன் படத்துக்கு எது வரும் என்று ஒரு வரி எழுது. என் மதிப்பில் 10–12 பெற்றோர் துணை. ரத்தம் இல்லை, ஆனால் கதையின் அடியில் கூலி வாழ்க்கையின் கொடுமை இருக்கிறது. தமிழகத்தில் வெளியிடுவதாக எழுதினால் அங்கேயும் 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதால் பிரித்துவிட்டார்கள், பழைய பிரிவை எழுதிவிடாதே. வகைப்படுத்தல் யார் பார்க்கலாம் என்று சொல்லும், யாருக்காக எடுத்தது என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தை மாமாவின் அனுபவத்தோடு சேர்த்து எழுதினால் உன் பதில் வகுப்பில் வேறு யாருடையதையும் போல இருக்காது.

பாடசாலை_நிலா

ரெண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதியிருக்கிறேன். 1860 கார்டை எடுத்துவிட்டேன். புதிய வரிசை:

கறுப்புத் திரை. டிரங்குப் பெட்டியின் கொண்டி திறக்கும் சத்தம் மட்டும். பெட்டிக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மாதிரி கேமரா, மூடி திறக்க வெளிச்சம் வருகிறது, பெண்ணின் முகம். சேலை மடிப்புகளில் கை நகர நகர, ஒவ்வொரு மடிப்பிலும் படத்தில் வேலை செய்த ஒருவரின் பெயர். காகிதம் கிடைக்கிறது, எண் அருகில் தெரிகிறது. அவள் அந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கிறாள். பின்னாலிருந்து பாட்டியின் குரல், பார்க்காமலே, கடைசி மூன்று இலக்கங்களைத் தானே சொல்கிறது. வெட்டு. பேரேட்டின் பக்கம், விரல் கீழே இறங்குகிறது: பெயர், அப்பா பெயர், வயது, உயரம், ஊர், அடையாளம். 'இடது புருவத்தில் தழும்பு' என்ற வரியில் விரல் நிற்கிறது. சுவரில் மாட்டியிருக்கிற முன்னோரின் போட்டோ, புருவத்தில் தழும்பு இல்லை. படத்தின் பெயர்.

பெயர் தமிழில் மை ஊறி வருகிறது, அதே மை அடுத்த வரியில் ஆங்கில எழுத்தாகவும் ஊறுகிறது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கையெழுத்து.

இலக்குப் பார்வையாளர் பத்தியை இப்படி எழுதினேன்: "முதன்மைப் பார்வையாளர், வீட்டில் கப்பல் எண்ணைப் பற்றிப் பேசிக் கேட்டு வளர்ந்த தென்னாப்பிரிக்கத் தமிழ் இளைஞர். அதனால் எண்ணுக்கு விளக்கம் தரவில்லை. பாட்டி பார்க்காமலே இலக்கங்களைச் சொல்வது அவருக்குத் தன் வீட்டை நினைவூட்டும். இரண்டாம் நிலைப் பார்வையாளர், தமிழ் தெரிந்து இந்த வரலாறு தெரியாதவர். அதே பாட்டியின் குரல் அந்த எண் இந்தக் குடும்பத்துக்கு உயிரானது என்பதை அவருக்கு உணர்த்தும், பேரேட்டின் பத்திகள் மிச்சத்தைச் சொல்லும்."

உம்லாங்கா_மதுரைக்காரன்

பாட்டி குரல் போதும்மா. அந்த மூணு இலக்கத்தில் எனக்குப் புரிஞ்சிடும், யாரும் உட்கார வெச்சு வகுப்பு எடுக்க வேண்டாம்.

ஃபீனிக்ஸ்_அக்கா

இது எங்க வீட்டுப் பாட்டி. இப்போ யாரும் பாப்கார்னுக்கு எழுந்திருக்க மாட்டாங்க. ஆனா போஸ்டர் பற்றி நான் சொன்னதை விட மாட்டேன். உன் போஸ்டரில் என்ன வரும்னு ஒரு பத்தி எழுது, தொடக்கமும் போஸ்டரும் ஒரே ஆளைக் கூப்பிடுதான்னு பாரு. போஸ்டரில் கப்பல் படம் மட்டும் போட்டா சரித்திரப் படம்னு நினைச்சு பிள்ளைங்க வரமாட்டாங்க. அந்தத் தழும்பைப் போடு.

வடபழனி_எடிட்டர்

நல்லா வந்திருக்கு. இப்போ கணக்கு. இரண்டு நிமிடம்னா 120 விநாடி. ஒரு பெயர் கார்டுக்கு மூணு விநாடின்னு வெச்சா, பத்து கார்டுக்கே முப்பது விநாடி போயிடும். எல்லாத்தையும் சேலை மடிப்பில் திணிக்காதீங்க. நிதானமா படிச்சு முடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா நிற்கணும், ஆனா கை நகர்ற வேகத்தோட சேர்ந்து மறையணும். எழுத்து திரையோட ஒரே பக்கத்தில் வர்ற மாதிரி முன்னாடியே ஃபிரேமில் காலி இடம் விட்டு எடுங்க. எடுத்து முடிச்சப்புறம் எழுத்துக்கு இடம் தேடினா முகத்து மேலே விழும்.

வரிசையில் கவனம். தயாரிப்பு நிறுவனம், முக்கிய நடிகர்கள், படத்தின் பெயர், மத்த நடிகர்கள், அப்புறம் இசை, படத்தொகுப்பு, கலை, ஒளிப்பதிவு, தயாரிப்பாளர், கடைசியில் எழுத்து இயக்கம். தமிழிலும் ஹாலிவுட்டிலும் தொடக்கத்தில் ஓடுற பெயர்களில் இயக்குநர் பெயர் கடைசியா வர்றது பழகின வழக்கம். உங்க படத்தில் படத்தின் பெயர் ரொம்ப பின்னாடி வருது, அதனால ஒளிப்பதிவு வரைக்கும் அதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. தழும்பு ஷாட்டில் எந்த எழுத்தும் வேண்டாம். அந்த இடத்தில் படிக்க வேண்டியது பேரேடு ஒண்ணுதான். பேரேட்டில் இருக்கிற எழுத்தும் டைட்டில் எழுத்தும் ஒரே திரையில் போட்டி போட்டா ரெண்டும் போச்சு.

பாட்டியாக நடிக்கிறவங்க பெயரை எங்கே போடப்போறீங்க? அவங்க குரல் வர்றதுக்கு முன்னாடி போட்டுடாதீங்க. 'செவன்' பற்றி வாத்தியார் சொன்னதை யோசிங்க. குரல் யாருடையதுன்னு தேட விடுங்க.

பாடசாலை_நிலா

பாட்டியாக நடிப்பது என் சொந்தப் பாட்டிதான். அவங்க பெயரைப் படத்தின் பெயருக்கு அப்புறம் முதல் கார்டா, தனியா போடுறேன். முதல் கட் தயாரானதும் யாரிடம் காட்டிப் பார்க்கலாம்? வகுப்பில் காட்டினா எல்லோரும் 'நல்லாயிருக்கு'ன்னு சொல்லிடுறாங்க.

சாட்ஸ்வொர்த்_மாமா

எங்க பாடசாலை ஹாலுக்குக் கொண்டு வா கண்ணு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைங்க இருப்பாங்க, அவங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அப்பா அம்மா இருப்பாங்க, என் வயசு ஆட்கள் பத்துப் பேர் டீ குடிச்சுக்கிட்டு இருப்போம். மதுரைக்காரத் தம்பியும் வரட்டும். விளக்கம் எதுவும் சொல்லாம போட்டுக் காட்டு. முடிஞ்சதும் ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த எண் என்ன, பாட்டிக்கு அது எப்படித் தெரியும், போட்டோவில் இருக்கிறவர் யார்னு மட்டும் கேளு. யார் என்ன சொன்னாங்கன்னு எழுதிக்கோ. புரொஜெக்டர் ஹாலில் இருக்கு, ஸ்பீக்கர்தான் சரியில்லை, அந்தப் பாட்டி குரல் கேட்கணுமே, அதனால ஸ்பீக்கரை வீட்டிலிருந்து எடுத்துட்டு வா.